எண்பதுக்கு மேலே போகாது

வேகமாகப் போக ஆசைப்படாத டிரைவர் கிடையாது. அந்த ஆசையில் மண்ணள்ளிப் போடுவதுதான் என் தொழில். லோடு வண்டிகளுக்கு ஸ்பீடு கவர்னர் மாட்டுகிறேன். கோவில்பட்டி பைபாஸில் நாலுவழிச் சாலையைப் பார்த்தபடி ஒரு தகரக் கொட்டகை, அதில் நானும் என் கூட்டாளி சண்முகமும். எஃப்.சி.க்குப் போகிற சரக்கு வண்டி குட்டியானை என்கிற மினி வண்டியாகவே இருந்தாலும், மணிக்கு எண்பது கிலோமீட்டரைத் தாண்டாது என்று எங்கள் சான்றிதழைக் காட்டினால்தான் ஆர்.டி.ஓ. ஆபீசில் வேலை நடக்கும். ஆகையால் எங்களிடம் சிரித்த முகத்தோடு வருகிறவர் யாரும் இல்லை. பல் பிடுங்குகிறவர்கள், பரீட்சை ஹாலில் சூப்பர்வைசராக நிற்கிறவர்கள், டிக்கெட் பரிசோதகர்கள் இதைப் படித்தால் நான் படும் பாடு புரியும். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

தொழில் பெரிய ரகசியமில்லை. ஆக்சிலேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. வேகம் எண்பதைத் தொட்டதும், நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் அது காதில் வாங்காது. பெட்டியை யாரும் கழற்றாமல் இருக்க அதன் வயர்களை இணைக்கிற கப்ளரில் மெல்லிய கம்பியைக் கோத்து ஈயச் சீல் குத்திவிடுவோம். சீல் குத்தும் பிளையரில் என் நம்பர் உண்டு. ஒவ்வொரு சீலிலும் அது பதியும். சீல் அறுந்த வண்டி செக்கிங்கில் மாட்டினால் டிரைவருக்கு அபராதம், எனக்குக் கம்பெனியிலிருந்து ஓலை. இரண்டாவது ஓலை வந்தால் நேரில் போய்ப் பதில் சொல்ல வேண்டும். பதில் சரியில்லையென்றால் பிளையரைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிளையர் போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான். இரண்டு குடும்பம் அந்த ஒரு பிளையரை நம்பி ஓடுகிறது.

இதைச் சொல்லி ஒவ்வொரு டிரைவரிடமும் கெஞ்சுவேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டுக்கொள்வதோடு சரி.

பாக்கி இருபத்திரண்டு

குளத்தூர் பக்கம் உப்பளத்தில் உப்பு ஏற்றுகிற பரமசிவத்தின் வண்டியைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். உப்பு தின்று தின்று கதவின் அடிப்பாகம் சல்லடையாகிவிட்டது. இடது பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார். இந்த வண்டிக்கு வேகக் கட்டுப்பாடு மாட்டுவது, எழுந்து நடக்க முடியாதவருக்கு வெளியே போகாதீர் என்று உத்தரவு போடுகிற மாதிரிதான். ஆனால் சட்டத்தில் வண்டியின் உடல்நிலையை விசாரிக்கச் சொல்லவில்லை.

மாட்டி முடித்ததும் வழக்கம்போல நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனோம். நான் ஓட்ட, பரமசிவம் பக்கத்தில் உட்கார்ந்து வேக முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஓர் எதிர்பார்ப்பு. மிதியைத் தரையோடு அழுத்தியும் முள் ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை. பாலத்து இறக்கத்தில் அறுபதைத் தொட்டுவிட்டு, தப்புச் செய்தது போலத் திரும்பி வந்தது. வேறு வழியில்லாமல் கொட்டகைக்கு வந்து, லேப்டாப்பில் எண்பது என்று பதிவாகியிருப்பதைக் காட்டிச் சான்றிதழைக் கொடுத்தேன்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "எண்பதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அம்பத்தெட்டு வந்துட்டு, சரி. பாக்கி இருபத்திரண்டு எப்பம் வரும் அண்ணாச்சி?"

பொட்டு வைத்த பெட்டி

நம் ஊரில் வண்டிக்குள் ஒரு புதுச் சாமான் ஏறினால் பூஜை போடாமல் விடமாட்டார்கள். கழுகுமலையிலிருந்து தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிற கருப்பசாமி, பெட்டி மாட்டிய கையோடு மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்திருக்கிறார். மறுநாள் வண்டி இருபதுக்கு மேல் போகவில்லை. கழுகுமலையிலிருந்து எங்கள் கொட்டகைக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வழியில் ஒரு சைக்கிள்காரர் கூடவே வந்து ஊர் நிலவரம் பேசிவிட்டு, நேரமாகிறது என்று முந்திக்கொண்டு போய்விட்டாராம்.

திறந்து பார்த்தால் கப்ளருக்குள் சந்தனம் குழைத்து அப்பியிருந்தது. மேலே இளநீர் வேறு. பின்னுக்குப் பின் பாலம் போட்டது போல உறைந்து கிடந்தது. சண்முகம் ஊக்கால் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். அன்றிலிருந்து எந்தப் பெட்டியையும் மாட்டியவுடன் அவனே மூடிமேல் ஒரு பொட்டு வைத்து, கப்ளரைப் பாலித்தீனால் சுற்றிக் கொடுத்துவிடுகிறான். எனக்குக் கோபம் அடங்கவில்லை. மின்சாரச் சாமானுக்குள் சந்தனம் வைக்கச் சொல்லி எவன் சொன்னான் என்று கருப்பசாமியைப் பிடித்துக் கத்தினேன்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஸ்டியரிங்குக்கு வச்சோம், கண்ணாடிக்கு வச்சோம், ஸ்டெப்னிக்குக்கூட வச்சோம். உங்க பெட்டிக்கு மட்டும் வைக்காம விட்டா அது கோவிச்சுக்கிடாதா?"

முன் சீட்டில் வந்த கிடா

எனக்கு முதல் ஓலை வாங்கிக் கொடுத்த பெருமை வேலுவைச் சேரும். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு ஆடு ஏற்றுகிறவர். சந்தையில் முதல் ஆளாக இறங்கினால்தான் நல்ல வியாபாரி கையில் மாட்டுவார் என்பது அவர் கணக்கு. நான் மாட்டிய பெட்டி அவருக்கு எப்படி இனிக்கும்? ஒரு மாதம் பொறுத்தார். அடுத்த மாதம் மதுரைக்கு லோடு கொண்டு போகும்போது தொண்ணூற்றைந்தில் பறந்து மாட்டிக்கொண்டார். சீல் அறுந்து தொங்கியது. அதில் என் நம்பர் பளிச்சென்று இருந்தது.

ஓலை வந்த அன்றே வேலுவைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டச் சொன்னேன். கிடா கடித்துவிட்டது என்றார். விலை போகிற கிடாவைப் பின்னால் மற்ற ஆடுகளோடு விட்டால் முட்டிக் காயமாகிவிடும், அதனால் முன் சீட்டில் தன் பக்கத்திலேயே நிறுத்திக் கூட்டிப் போவாராம். அது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். கிடா ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போகும். ஆனால் கம்பி பிளேடு வைத்து அறுத்தது போல ஒரே நேராக இருந்தது. பக்கத்தில் ஏழெட்டு வயர் தொங்குகிறது, ஹாரன் வயர், லைட் வயர், ஒன்றில்கூடப் பல் படவில்லை. அதெப்படி உங்கள் கிடாவுக்கு என் கம்பி மட்டும் கண்ணில் பட்டது என்று கேட்டேன்.

வேலு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அது கண்டதையும் கடிக்காது அண்ணாச்சி, நல்லதாப் பாத்துத்தான் வாய வைக்கும். அதனாலதான் சந்தையில அந்த விலைக்குப் போச்சு."

குழி

நாகலாபுரம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர், மக்காச்சோளமும் உளுந்தும் ஏற்ற ஒரு வண்டி வாங்கியிருந்தார். நிலபுலன் உள்ளவர், எதையும் விளங்கிக்கொள்ளாமல் விடமாட்டார். சரக்கு வண்டிக்கு நாலுவழிச் சாலையில் எண்பது, மற்றச் சாலையில் அறுபது என்று விதி இருப்பதை எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார். பெட்டி எண்பதில்தானே நிறுத்தும், எங்கள் ஊர்ச் சாலைக்குள் திரும்பியதும் அறுபது என்று அதற்கு யார் சொல்வார்கள் என்று கேட்டார். யாரும் சொல்ல மாட்டார்கள், டிரைவர்தான் பார்த்துப் போக வேண்டும் என்றேன். அவர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். கரிசல் மண்ணில் போட்ட தார்ச்சாலை ஒரு மழைக்கு எப்படி நெளியும் என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். அவர் ஊர்ச் சாலையில் முப்பதில் போனாலே தலை கூரையில் இடிக்கும். பிறகு அவரே எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னார்: "நீங்க விசாரப்படாதீங்க. நாலுவழிச் சாலைக்குப் பெட்டிய மாட்டியிருக்காவ, எங்க ஊருக்குக் குழிய மாட்டியிருக்காவ. ரெண்டும் ஒரே வேலையத்தான் பாக்குது."

ஒரு மனு

வேகத்தைக் கூட்டிக் கேட்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். எண்பதைத் தொண்ணூறாக்கு, நூறாக்கு, யாருக்கும் சொல்ல மாட்டேன் என்பார்கள். குறைத்துக் கேட்டவர் ஒரே ஒருவர். செல்வராணி என்று பெயர். வீட்டுக்காரர் விருதுநகருக்கு மிளகாய் வத்தல் ஏற்றுகிறார். அவர் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருக்க, வண்டி புக்கைக் கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் இந்த அம்மா ஸ்கூட்டியில் வந்தார். புக்கை என் மேஜையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, எண்பதை அறுபதாக்கிவிடுங்கள், அவரிடம் சொல்ல வேண்டாம் என்றார். கொழுந்தனுக்கு இதே பைபாஸில் கால் போனது. அதிலிருந்து வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு போன் போடுகிற வரைக்கும் அந்த அம்மா ஒரு வேலை ஓடாமல் உட்கார்ந்திருப்பாராம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் நம்பர் கம்பெனியில் பதிவாகிறது, இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று விளக்கினேன். அவர் வாதாடவில்லை. டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்கூட்டிச் சாவியைக் கையில் எடுத்தபடி சொன்னார்: "மாத்த முடியாட்டாப் போவுது. அறுபதுன்னு அவியகிட்ட ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

பிளையரோடு வரவும்

இரண்டாவது ஓலை போன மாதம் வந்தது. நான் எப்போதோ சீல் குத்திய வண்டி, அதற்குப் பின் இரண்டு கை மாறி, மூன்றாவது ஆளிடம் சீல் இல்லாமல் பிடிபட்டிருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மதுரை ஆபீசுக்குப் பதிவேட்டோடும் பிளையரோடும் வரவும் என்று எழுதியிருந்தார்கள். பிளையரோடு என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், சண்முகத்துக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தான். சின்னச் சாமானுக்கு இவ்வளவு துடைப்பு எதற்கு என்று கேட்டேன். அவன் தலை நிமிராமல் சொன்னான்: "திருப்பிக் கேட்டா, அழுக்காக் குடுத்தானுவன்னு பேரு வரக் கூடாதுல்லா."

போளி வண்டி

நல்ல நாளிலேயே மதுரை பஸ்கள் ஊருக்குள் வராமல் பைபாஸோடு போய்விடும். அன்று பைபாஸில் நின்று கையைக் காட்டக் காட்ட ஒன்றும் நிற்கவில்லை. மணி எட்டே முக்கால் ஆகிவிட்டது. வியர்த்து நிற்கும்போது ஒரு குட்டியானை தானாக வந்து நின்றது. மாரியம்மாள். கடம்பூர் போளியை மதுரைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். வீட்டுக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொள்ள, இவரே வண்டி ஓட்டுவார். அந்த வண்டிக்கு நான்தான் ஆறு மாதத்துக்கு முன்னால் சீல் குத்தினேன். ஏறி உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன். பத்து மணிக்குள் சேர்ந்துவிடலாமா என்று கேட்டேன். மிதிக்கிற வரைக்கும் மிதிக்கிறேன் என்றார்.

மிதித்தார். முள் எண்பதில் நின்றது. நின்றது என்றால், ஆணி அடித்தது போல நின்றது. இத்தனை வருடத்தில் ஆயிரம் வண்டிக்கு எண்பது மாட்டியிருக்கிறேன். அந்த எண்பதுக்குள் ஒரு அவசரத்தோடு உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். ஆம்னி பஸ்கள் எங்களை உதறிவிட்டுப் போயின. ஒரு கார் போனது, ஒரு பிணம் ஏற்றிய வண்டிகூட முந்திப் போனது. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன், முள்ளைப் பார்க்கிறேன். பிளையர் மடியில் கனத்தது. சாத்தூர் நெருங்கும்போது என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தேவிட்டது. வண்டியைக் கொஞ்சம் ஓரம் கட்டுங்கள், பெட்டியைக் கழற்றிவிடலாம் என்றேன். மாரியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஆனாலும் ஓரம் கட்டினார். டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து என் சீலை என் கையாலேயே வெட்டினேன். பெட்டியை விலக்கி, கப்ளரை நேராக இணைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி தொண்ணூற்றைந்தில் பாய்ந்தபோது அந்த வெட்கம் பின்னாலேயே இறங்கிவிட்டது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆனந்தம் ஐந்து நிமிஷம்தான். டோல்கேட்டுக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு சரக்கு வண்டியாக ஏறி இறங்கி, பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் சீலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் ஆறு வண்டி. சீல் வெட்டிய வழக்குக்குப் பதில் சொல்லப் போகிறவன், வெட்டிய சீலோடு பிடிபட்டால் என்ன ஆகும்? ஓலையே வேண்டாம், நேராகவே பிளையரைக் கொடுத்துவிட்டு நடக்கலாம். தலைகீழாக டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்தேன். வண்டி ஓரடி நகரும், என் தலை இடிக்கும். கப்ளரைப் பிரித்து, பெட்டியை மாட்டி, பையிலிருந்து கம்பி எடுத்துக் கோத்து, ஈயத்தை வைத்து, பிளையரை அழுத்தினேன். வெட்டிய பழைய சீலை வாய்க்குள் போட்டுக்கொண்டேன். அந்த நொடியில் கதவு திறந்தது. மாரியம்மாளின் காலடியில் சுருண்டு கிடக்கிற என்னைப் பார்த்து, இவர் யார், இங்கே என்ன செய்கிறார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஈயத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே பேச? மாரியம்மாள்தான் வாயைத் திறந்தார். குரலில் ஒரு பிசிறில்லை: "இவியதான் சார் இத மாட்டுனவிய. மாட்டுனதோட விடமாட்டாவ, வண்டியில ஏறி வந்து, கழண்டிருக்கா கழண்டிருக்கான்னு பாத்துக்கிட்டே வாராவ."

தாமதத்துக்குக் காரணம்

இன்ஸ்பெக்டர் சீலை இழுத்துப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்படி ஓர் ஆளை இதுவரை கண்டதில்லை என்று சொல்லி, நான் கேட்காமலேயே என் பதிவேட்டில் 'சீல் சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மதுரை ஆபீசுக்குள் நான் நுழைந்தபோது மணி பத்து முப்பத்தைந்து. மேனேஜர் கடிகாரத்தைக் காட்டினார். இவ்வளவு முக்கியமான விசாரணைக்கு ஏன் தாமதம் என்று கேட்டார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. வந்த வண்டி எண்பதுக்கு மேலே போகாது சார், நம் கம்பெனிப் பெட்டி என்றேன்.

அவர் பதிவேட்டைப் புரட்டினார். கை மாறிய வண்டியின் தேதிகளைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதியில் இருந்த கையெழுத்தைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. வழியிலேயே சோதனை செய்துகொண்டு வருகிற ஆளிடமா விளக்கம் கேட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டார். நான் மேஜையில் வைத்திருந்த பிளையரை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார், அதைக் கேட்டு என் காது இரண்டும் சுட்டது: "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்தத் தமிழ்நாட்டுல ஒரு சீலும் அறுபடாது சார்."

திரும்பும் வழி

வெளியே வந்ததும் சண்முகத்துக்குப் போன் போட்டேன். பிளையர் நம்மிடம்தான் என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. மாரியம்மாள் கடைகளுக்குப் போளியை இறக்கிவிட்டுத் தெருமுனையில் வண்டியோடு நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டு, வாழையிலையில் சுற்றிய இரண்டு போளியைக் கையில் வைத்தார். டோல்கேட்டில் அந்தப் பெண் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இன்று வேறு வேலை தேடிக்கொண்டிருப்பேன். நன்றி சொல்ல வார்த்தை தேடியபடி, உரிமையோடு முன் கதவைத் திறந்தேன்.

அவர் கையை நீட்டிக் கதவை மூடினார். "கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி, ஊருக்குப் பஸ்ஸுலயே போயிருங்க. உங்கள ஏத்துனா எம் பெட்டிக்குப் பாதுகாப்பு இல்ல."

இத்தனை வருடத்தில் என் நம்பரில் எத்தனையோ சீல்கள் அறுந்திருக்கின்றன. அவற்றில் அறுத்தவன் இன்னார் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்த வண்டி அந்தப் போளி வண்டி ஒன்றுதான்.